நாலேகாலுக்குப் பிறகு மைதானம் யாருக்கு?

வாழ்க்கைத் தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் 1990களில் ஒரு கேள்வித்தாளை உருவாக்கியது. ஜெனீவாவில் எழுதி மற்ற நாடுகளுக்கு அனுப்பிவைத்த தாள் இல்லை அது. உலகின் பல நகரங்களில் ஒரே காலத்தில் மக்களிடம் பேசி, நல்ல வாழ்க்கை என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தொகுத்தார்கள். அந்த நகரங்களில் நம் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள் இருக்கின்றன. உடல், மனம், சமூக உறவு, சூழல் என்று நான்கு பிரிவுகள். கல்லூரி மாணவர்களின் விளையாட்டைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் அடிக்கடி கையில் எடுப்பது இந்தத் தாளைத்தான்.

அதில் 14ஆவது கேள்வி ஓய்வுநேரத்தைப் பற்றியது. பொழுதை விருப்பப்படி கழிக்க உங்களுக்கு எந்த அளவுக்கு வாய்ப்பு இருக்கிறது என்று கேட்கிறது. இதை உடல் பிரிவிலும் வைக்கவில்லை, மனப் பிரிவிலும் வைக்கவில்லை. பணம், பாதுகாப்பு, வீடு, மருத்துவ வசதி, போக்குவரத்து ஆகியவற்றோடு சேர்த்து சூழல் பிரிவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் தாளிலேயே மிகவும் பிடித்த முடிவு இதுதான். ஒரு மாணவி மாலையில் விளையாடுகிறாளா என்பது அவளுடைய சுறுசுறுப்பை மட்டும் சொல்லும் செய்தி இல்லை. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, மைதானத்தில் விளக்கு இருக்கிறதா, பந்து வைத்திருக்கும் அறையின் சாவி யாரிடம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் செய்தி.

ஆய்வேடுகள் பலவும் இந்த இடத்தில் நிற்பதில்லை. விளையாடும் மாணவர்களுக்கு இந்தத் தாளில் மதிப்பெண் கூடுதல், விளையாடாதவர்களுக்குக் குறைவு, ஆகவே எல்லோரும் விளையாட வேண்டும் என்று முடித்துவிடுகின்றன. ஒரே நாளில் வகுப்பறையில் தாளைக் கொடுத்து வாங்கும் ஆய்வை வைத்துக்கொண்டு, விளையாடியதால் நன்றாக இருக்கிறார்களா, நன்றாக இருப்பவர்கள்தான் விளையாட வருகிறார்களா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதற்குச் சோதனை முறையில் நடத்திய ஆய்வுகளின் சான்று இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் மாணவரைப் பார்த்து "போய் விளையாடு" என்று சொல்வதற்கு முன்னால், அவர் விளையாட இடத்தையும் நேரத்தையும் யார் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தையும் தமிழ்நாட்டுக் கல்லூரி மைதானத்தையும் அருகருகே வைக்கிறேன்.

இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில், குளிர்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அங்கே படித்த வில்லியம் மார்கன் 1895இல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வாலிபாலை உருவாக்கினார். கூடைப்பந்தின் ஓட்டமும் மோதலும் ஒத்துவராத நடுத்தர வயதுக்காரர்கள் அலுவலகம் முடிந்து வந்து ஆடுவதற்காக அமைந்த ஆட்டம் அது. உலகம் முழுக்கப் போன இரண்டு பெரிய ஆட்டங்களும் சாதாரண ஆட்களுக்காகப் பிறந்தவை. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி க்ரோ பக் 1919இல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய உடற்கல்விப் பள்ளிதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் அவரே. அவருடைய கல்லூரியில் படித்தவர்கள் தென்னிந்தியா முழுவதும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். நம் கல்லூரிகளின் "பி.டி. சார்" மரபு அங்கிருந்து வருகிறது.

பக் சென்னையில் வந்திறங்கிய அதே 1919இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்மர் மிட்செல் என்பவரை ஒரு புது வகைப் பொறுப்பில் அமர்த்தினார்கள். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்காத மாணவர்களுக்காக, வளாகத்துக்குள்ளேயே போட்டிகள் நடத்துவது அவர் வேலை. மிச்சிகனும் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் 1913லேயே இதற்கென்று தனித் துறை வைத்துவிட்டன. இன்ட்ராமுரல் என்று அவர்கள் அழைக்கும் இந்த ஏற்பாட்டுக்காகவே 1928இல் மிச்சிகனில் தனிக் கட்டடம் எழுந்தது. மிட்செல் இதைப் பற்றிப் பாடநூலும் எழுதினார்.

நம் பி.டி. சார்களுக்கும் இந்தப் பாடம் தெரியும். உடற்கல்விப் பட்டப் படிப்பில் இன்ட்ராமுரல் என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பதினேழு அணிகள் வந்தால் நாக்-அவுட் அட்டவணையில் 'பை' யாருக்குக் கொடுப்பது, லீக் முறையில் எத்தனை ஆட்டம் வரும் என்று போட்டிக்குப் பென்சிலோடு உட்கார்ந்து ஃபிக்ஸ்சர் போடத் தெரியாத உடற்கல்வி ஆசிரியர் தமிழ்நாட்டில் இல்லை. அறிவில் இரண்டு நாட்டுக்கும் இடைவெளி கிடையாது. அந்த அறிவை யாருக்காகப் பயன்படுத்தச் சொல்கிறோம் என்பதில்தான் பாதைகள் பிரிந்துபோயின.

அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் விளையாட்டு மூன்று அடுக்காக இருக்கிறது. மேலே இருப்பது பல்கலைக்கழக அணி. தொலைக்காட்சி, உதவித்தொகை, பயிற்சியாளர் பட்டாளம் எல்லாம் அங்கே. நடுவில் மாணவர்களே நடத்தும் கிளப்புகள். கீழே, எல்லோருக்குமான இன்ட்ராமுரல் லீக்குகளும் பொழுதுபோக்கு மையமும். இந்த மூன்றாவது அடுக்குக்கு என்று தனி அலுவலகம், தனி ஊழியர், தனி வரவு செலவு இருக்கிறது. அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பது இவர்கள் வேலையே இல்லை. ஒரு பருவத்தில் எத்தனை மாணவர்கள் வந்து ஆடினார்கள் என்பதே இவர்கள் கொடுக்க வேண்டிய கணக்கு.

இந்த அடுக்கு எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். விடுதியின் ஒரே தளத்தில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு அணி என்று பெயர் கொடுக்கலாம். லீக் திறமைப்படி பிரிந்திருக்கும். பள்ளியில் நன்றாக ஆடியவர்கள் ஒரு பிரிவு, பந்தை அன்றைக்குத்தான் தொடுகிறவர்கள் இன்னொரு பிரிவு. புதியவர் புதியவரோடு மோதுவதால் தோற்றாலும் அவமானம் இல்லை, அடுத்த வாரமும் வருவார். ஆண்கள் லீக், பெண்கள் லீக், இருவரும் கலந்து ஆடும் லீக் என்று மூன்று வகை உண்டு. நடுவர்களாக நிற்பதும் மாணவர்கள்தான். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மணிக்கணக்கில் சம்பளமும் கொடுக்கிறார்கள். கல்லூரிச் செலவுக்கு வேலை பார்த்தே தீர வேண்டிய ஒருவர் மைதானத்திலேயே அந்த வேலையைச் செய்யலாம். வெற்றி பெற்ற அணிக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு டி-ஷர்ட். அதைப் பட்டம் வாங்கிய பிறகும் பல வருடம் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு.

ஆட்டங்களையும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆளை இடித்துத் தள்ளும் அமெரிக்கக் கால்பந்தை இன்ட்ராமுரலில் அப்படி ஆடுவதில்லை. இடுப்பில் செருகிய துணிப்பட்டையை எதிராளி பிடுங்கிவிட்டால் ஓடுகிறவர் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான். வாட்டர் போலோ என்றால் நீச்சலில் தேர்ந்தவர்கள் ஆடும் கடுமையான ஆட்டம். அதையும் விடவில்லை. ஒவ்வொருவரையும் காற்றடித்த டியூபில் உட்காரவைத்து, காலால் நீரைத் தள்ளிக்கொண்டே பந்து வீசச் செய்கிறார்கள். நீச்சல் வீரரும் கற்றுக்குட்டியும் டியூபில் உட்கார்ந்துவிட்டால் ஏறக்குறைய ஒன்று. ஆட்டம் தெரியாதவரையும் உள்ளே கொண்டுவர விதியையே மாற்றலாம் என்ற இந்தத் துணிச்சல் எனக்கு அவர்கள் கட்டிய கட்டடங்களைவிடப் பெரிதாகப் படுகிறது.

கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு கோணல் இருக்கிறது. இவை பெரும்பாலும் மாணவர்கள் ஒவ்வொரு பருவமும் கட்டும் பொழுதுபோக்குக் கட்டணத்தில் நடக்கின்றன. உள்ளே காலே வைக்காதவரும் கட்ட வேண்டும். பணம் சேரச் சேர, மாணவர்களைத் தங்கள் பக்கம் இழுக்கும் போட்டியில் பல்கலைக்கழகங்கள் இறங்கின. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் சுமார் 8.5 கோடி டாலர் செலவில் தன் மையத்தை விரிவாக்கியபோது, பல்கலைக்கழகத்தின் மூன்று எழுத்து வடிவத்தில் மிதந்து போகும் நீரோடை ஒன்றையும் அதில் சேர்த்தது. அதே வளாகத்தின் நூலகக் கட்டடம் பழுதாகிக் கிடப்பதைச் சுட்டிக்காட்டி அப்போது பலர் கேள்வி கேட்டார்கள். கல்விக் கடனோடு வெளியே போகும் ஒரு தலைமுறையின் தலையில் இந்தச் செலவும் சேர்ந்திருக்கிறது. இத்தனை வசதிக்குப் பிறகும் அமெரிக்க மாணவர்களிடையே பதற்றமும் தனிமையும் மனச்சோர்வும் பெருகியிருப்பதை அவர்களுடைய கல்லூரிகளே ஒப்புக்கொள்கின்றன. மைதானம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த இயக்கத்தின் தேசிய அமைப்பு எங்கே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1948இல், நியூ ஆர்லியன்ஸின் டில்லர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் வாசன் என்ற ஆசிரியர், கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகளைச் சுற்றிவந்து அங்கே விளையாட்டு எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தார். 1950இல் அத்தகைய 11 கல்லூரிகளின் ஆட்கள் டில்லர்டில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்று அமெரிக்கக் கல்லூரிப் பொழுதுபோக்கு விளையாட்டின் மிகப் பெரிய அமைப்பாக இருக்கும் நிர்சா அதிலிருந்து வளர்ந்ததே. ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய வீடு அது. அந்த வீடே 1959இல் பெண்களை வெளியே நிறுத்தி, 1971இல்தான் மறுபடி உள்ளே விட்டது. அடுத்த ஆண்டு, கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் IX என்ற ஒன்பதாம் பிரிவு சட்டமானது. மைதானம் எல்லோருக்கும் என்ற கொள்கை அங்கேயும் தானாக நடக்கவில்லை. சட்டமும் தேவைப்பட்டது.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் பி.டி. சாரிடம் முதல்வர் என்ன கேட்கிறார்? ஸோனல் போட்டியில் என்ன ஆயிற்று, பல்கலைக்கழக அணியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர், கோப்பை உண்டா. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்கு அறிக்கை தயாரிக்கும்போதும் மாணவர்கள் வாங்கிய பதக்கங்களுக்கும் பரிசுகளுக்கும் என்று ஒரு கட்டமே இருக்கிறது. மாணவர்களில் எத்தனை பேர் மூன்று வருடத்தில் ஒரு முறைகூடப் பந்தைத் தொடாமல் போனார்கள் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. மாணவரின் கட்டண ரசீதில் விளையாட்டுக்கு என்று ஒரு சிறு தொகை நம் ஊரிலும் இருக்கிறது. அதில் பெரும் பகுதி அணிகளின் பயணப்படிக்கும் சீருடைக்கும் போட்டி நுழைவுக் கட்டணத்துக்கும் போவதுதான் வழக்கம். எல்லோரும் கட்டுகிறார்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆடுகிறார்கள். அணியில் இருப்பவருக்குப் போட்டி நாளில் 'ஓ.டி.' (ஆன் டூட்டி) கிடைக்கும், வருகைப் பதிவு குறையாது. மாலையில் ஆசைக்கு ஆட நினைப்பவருக்கு அப்படி எந்த இடமும் இல்லை.

இப்படிச் சொல்லும்போது நம் அணி முறையைத் தாழ்த்துவதாகக் கொள்ளக் கூடாது. கபடியிலும் வாலிபாலிலும் தடகளத்திலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் வாங்கி, கட்டணமும் விடுதியும் சாப்பாடும் இலவசமாகக் கிடைத்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகி, பிறகு காவல்துறையிலோ ரயில்வேயிலோ வேலைக்குப் போன பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். வாழ்க்கைத் தரம் என்ற சொல்லுக்கு இதைவிடக் கனமான பொருள் கிடையாது. 2020 பிப்ரவரியில் புவனேஸ்வரில் முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் நடந்தன. தமிழக அரசின் முதலமைச்சர் கோப்பையும் கல்லூரி மாணவர்களுக்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. இவை வேண்டும், இன்னும் பெருக வேண்டும். என் ஆதங்கம் வேறு. இருநூறு பேர் படிக்கும் துறையில் நாலு பேருக்கு இந்தக் கதவு திறக்கிறது. மீதிப் பேருக்கு வருடத்துக்கு ஒரு நாள் ஸ்போர்ட்ஸ் டே. அன்று நூறு மீட்டர் ஓட்டம், கயிறு இழுத்தல், ஆசிரியைகளுக்கு மியூசிக்கல் சேர். பந்தலில் உட்கார்ந்து கை தட்டிவிட்டுப் பேருந்துக்குப் போகிறார்கள்.

அந்தப் பேருந்துதான் என் கணக்கில் தமிழ்நாட்டுக் கல்லூரி விளையாட்டின் மிகப் பெரிய எதிரி. ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் இருக்கும் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியில் மாலை நாலு மணிக்கு நின்று பாருங்கள். மைதானம் பரந்து கிடக்கும். அதன் ஓரத்தில் வரிசையாக முப்பது மஞ்சள் பேருந்துகள், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். நாலுக்கு மணி அடிக்கிறது. கால் மணி நேரத்தில் முதல் பேருந்து நகரும். நடுவில் இருக்கும் அந்த நேரத்தில், பைகளை ஸ்டம்பாக வைத்து ஏழெட்டுப் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆறு ஓவர் போடுகிறார்கள். ஷூவைக் கழற்ற நேரமில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்ததும் பந்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடி ஏறுகிறார்கள். விடுதி மாணவர்களுக்கு மட்டும் மைதானம் மிஞ்சுகிறது. பல கல்லூரிகளில் அதுவும் ஆறு மணி வரைக்கும், அதுவும் அணிகள் பயிற்சி முடித்த பிறகு.

ஒப்பிடும்போது நியாயமாக ஒப்பிட வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்று நான் மேலே வரைந்தது வளாகத்திலேயே மாணவர்கள் தங்கிப் படிக்கும் நான்கு வருடக் கல்லூரியின் படம். அமெரிக்க மாணவர்களில் கணிசமானவர்கள் படிக்கும் கம்யூனிட்டி கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் விடுதி இல்லை. அங்கே வகுப்பு முடிந்ததும் கார் நிறுத்துமிடத்துக்குப் போய் வேலைக்கு ஓடுகிறார்கள். அவர்களுக்கும் டியூப் வாட்டர் போலோ கிடையாது. அதேபோல், விடுதி வாழ்க்கை வலுவாக இருக்கும் தமிழ்நாட்டு வளாகங்களில் மிச்சிகனைப் போன்ற ஒன்று எப்போதோ வேர்விட்டிருக்கிறது. 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் செலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று விடுதிகளுக்கிடையே ஆட்டங்கள் நடந்துவருகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் விடுதிகள் மோதும் ஷ்ரோட்டர் கோப்பைக்கு, தேசிய அளவில் ஆடவே வாய்ப்பில்லாத மாணவர்கள் ராத்திரி பகலாகப் பயிற்சி எடுக்கிறார்கள். ஆக, கோடு அமெரிக்காவுக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் நேராக விழவில்லை. கல்லூரியில் தங்குகிறவருக்கும் பேருந்தில் வீடு திரும்புகிறவருக்கும் நடுவில் விழுகிறது. தமிழ்நாட்டில் திரும்புகிறவர்கள்தான் மிகப் பெரும்பான்மை என்பதால் இங்கே அந்தக் கோடு ஆழமாகத் தெரிகிறது.

திரும்புகிறவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கும் போவதில்லை. அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு மாலையில் ஜவுளிக்கடையிலோ, செல்போன் கடையிலோ, உணவு டெலிவரியிலோ நிற்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஜவுளிக்கடையில் ஐந்து மணி நேரம் நின்று, ஏணி ஏறி, கட்டுத்துணி இறக்கும் பையனிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், இரண்டு நாளில் முடித்துவிட்டேன் என்பான். கடை ஊழியர்கள் உட்காரும் உரிமைக்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. ஆனால் வேலையில் செய்யும் உடலுழைப்பும் விருப்பத்துக்குச் செய்யும் உடலுழைப்பும் மனதுக்கு ஒரே பலனைத் தருவதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மனநலத்தோடு சேர்ந்து வருவது ஓய்வுநேர உடலுழைப்புதான். வேலையிடத்து உடலுழைப்புக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. இந்தப் பையனுக்கு அசைவு குறைவில்லை. தான் நினைத்தபோது தொடங்கி, நினைத்தபோது நிறுத்தி, தோற்றாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு மணி நேரம்தான் குறைகிறது. அமெரிக்க முறையில் நடுவருக்குச் சம்பளம் கொடுக்கும் அந்தச் சிறு ஏற்பாடு ஏன் என் கண்ணில் பட்டது என்பது இப்போது புரியும்.

பணம் இருப்பவர்கள் வேறு வழி கண்டுகொண்டார்கள். சென்னை, கோவை, மதுரை என்று எல்லா ஊர்களிலும் செயற்கைப் புல் டர்ஃப்கள் முளைத்திருக்கின்றன. இரவு பத்து மணிக்கு மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து, பத்துப் பேர் ஜிபேயில் பங்கு போட்டு, வலைக்குள் கால்பந்தோ கிரிக்கெட்டோ ஆடுகிறார்கள். ஆடட்டும், நல்லதுதான். கல்லூரிக்குக் கட்டணமும் கட்டி, கல்லூரி மைதானம் இருட்டில் பூட்டிக் கிடக்க, வெளியே வாடகைக்கு இடம் தேடுவது அவர்களுடைய குற்றமில்லை.

அமெரிக்காவில் கிடைக்காத ஒன்று நம்மிடம் இருப்பதையும் இந்த இடத்தில் வைக்க வேண்டும். அங்கே மாணவர் பெரும்பாலும் மாணவரோடுதான் ஆடுகிறார். அடையாள அட்டையைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். இங்கே திருவிழா ராத்திரியில், ஃபோகஸ் லைட் கட்டிய மண் தரையில், கல்லூரி மாணவரும் மெக்கானிக்கும் ஊரிலேயே பெரிய ஆட்டக்காரரான ஆசாரியும் லீவில் வந்த ராணுவ வீரரும் ஒரே அணியில் வாலிபால் ஆடுகிறார்கள். தஞ்சை மண்ணில் பிறந்த பூப்பந்தாட்டத்தில், மஞ்சள் கம்பளிப் பந்தை ஐம்பது வயதுக்காரர் வெட்டிப்போடுவதைக் கல்லூரிப் பையன் எதிரில் நின்று கற்றுக்கொள்கிறான். வயதையும் தொழிலையும் தாண்டிப் பழகும் இந்தப் பழக்கத்தை எந்தப் பல்கலைக்கழக மையமும் கட்டித் தர முடியாது. அந்த 26 கேள்விகளில் சமூக உறவைக் கேட்கும் பகுதியில், இப்படி ஆடி வளர்ந்த பிள்ளைகள் நல்ல விடை எழுதுவார்கள் என்றே நம்புகிறேன். சாதியின் பேரில் அந்த மைதானமும் பிரிந்து கிடக்கும் ஊர்கள் உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். கல்லூரி மைதானம் அந்தப் பிரிவினையை உடைக்கக்கூடிய இடம் என்பதாலேயே அது நாலேகாலுக்குக் காலியாவது எனக்கு வலிக்கிறது.

திருவிழா வாலிபாலில் பெண்கள் இல்லை. டர்ஃபில் அரிது. மைதானத்து ஆறு ஓவரிலும் இல்லை. லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024இல் வந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு, போதிய உடலுழைப்பு இல்லாத இந்தியர்கள் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதி என்றது. ஆண்களில் சுமார் 42 சதவீதம், பெண்களில் சுமார் 57 சதவீதம். கல்லூரிக்குள் இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்று பார்க்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பல கல்லூரிகளில் விடுதிப் பெண்கள் ஆறு, ஆறரைக்குள் உள்ளே வந்து கையெழுத்துப் போட வேண்டும். வகுப்பு முடிந்து உடை மாற்றக் கல்லூரியில் அறை இல்லை. மைதானத்துக்கு அருகில் கழிப்பறை இல்லை, இருந்தால் தண்ணீர் வராது. ஒரே கோர்ட் என்றால் அது பையன்களின் கோர்ட் என்று சொல்லாமலே எழுதி வைத்தாயிற்று. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு த்ரோபால் ஆடும் பெண்கள், பக்கத்துக் கட்டட வராந்தாவில் கூட்டம் சேர்ந்தால் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

2021 மே மாதம் முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கல்லூரிப் பெண்கள் ஒரு பேருந்தை விட்டு அடுத்ததில் ஏறினாலும் கைக்காசு கரையாது என்ற நிலை அதனால் வந்திருக்கிறது. பயணத்துக்கு அரசு பணம் ஒதுக்கிய இடத்தில், தங்குவதற்குக் கல்லூரி நேரம் ஒதுக்க வேண்டும். தனியார் கல்லூரியாக இருந்தால் முப்பது பேருந்துகளில் தடத்துக்கு ஒன்றை மட்டும் வாரத்தில் இரண்டு நாள் ஐந்தரைக்கு எடுக்கலாம். டீசல் செலவு அதிகமாகாது, ஓட்டுநருக்கு ஒரு மணி நேரக் கூடுதல் ஊதியம் கொடுத்தால் போதும். அந்த இரண்டு நாளில் ஒரு நாள் கோர்ட் பெண்களுக்கு மட்டும் என்று பலகையில் எழுதி, முதல்வர் கையெழுத்துப் போட வேண்டும். துறைக்கு இரண்டு அணி, கற்றுக்குட்டிகளுக்குத் தனி லீக். ஃபிக்ஸ்சர் போட பி.டி. சாரும் மேடமும் இருக்கிறார்கள். நடுவர் வேலைக்கு மாலையில் கடைக்கு ஓடும் பிள்ளைகளில் பத்துப் பேரை எடுத்து, ஏற்கெனவே எல்லோரிடமும் வாங்கும் விளையாட்டுக் கட்டணத்திலிருந்து அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். ஆண்டறிக்கையில் கோப்பைகளின் எண்ணிக்கைக்குக் கீழே, இந்த வருடம் கோர்ட்டில் இறங்கிய மாணவ மாணவிகள் இத்தனை பேர் என்று இன்னொரு வரியும் வரட்டும்.